டொராண்டோ பாத் (PATH): நிலத்தடியில் ஒரு திண்ணை வரிசை

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவிடம், "யூனியன் ஸ்டேஷன்ல இறங்குங்க சித்தப்பா, அங்கேயிருந்து பாத் வழியாவே என் ஆபீசுக்கு வந்துடலாம், குளிரே தெரியாது" என்று சொன்னது என் தப்புதான். பதினைந்து நிமிட நடை. ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. "ஏம்மா, சப்வேக்குள்ளேயே நடந்துக்கிட்டிருக்கேன், இது முடியவே மாட்டேங்குதே, அந்தப் பக்கம் எப்பத்தான் ஏறுறது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் சப்வே என்றால் ரோட்டுக்குக் கீழே இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிற சுரங்கப்பாதை. டொராண்டோவில் சப்வே என்றால் ரயில். அவர் நின்றுகொண்டிருந்ததோ இந்த இரண்டிலும் சேராத ஓர் இடத்தில், டவுன்டவுன் கட்டடங்களுக்குக் கீழே ஓடும் பாத் என்ற நடைவழியில். புதிதாக வந்தவர் குழம்பினால் சரி, பல வருடமாக ஸ்கார்பரோவிலிருந்து தினமும் ரயிலேறி வந்து அதே இடத்தில் நடக்கிற நம்மவர்களும் பாத் என்றால் என்ன என்று கேட்டால், "குளிருக்காக கவர்மென்ட் கட்டின டனல்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியில் மூன்று தப்பு. குளிருக்காக என்பது பாதித் தப்பு, கவர்மென்ட் என்பது பெரும்பாலும் தப்பு, டனல் என்பது ஏறக்குறைய முழுத் தப்பு. கடைசித் தப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

## முதலில் திண்ணை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாசலில் திண்ணை. மழை கொட்டும்போது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தெருவில் இறங்காமல் திண்ணை திண்ணையாகத் தாவித் தெருக்கோடி வரை வந்துவிடுவார்கள். அது ஒரு பாதைதான், ஆனால் அந்தப் பாதையை யாரும் போடவில்லை. பஞ்சாயத்தும் போடவில்லை, பொதுப்பணித் துறையும் போடவில்லை. அவரவர் தங்கள் வீட்டுக்காகக் கட்டிய திண்ணைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் தானாகப் பாதையாகிவிட்டது.

அதனால்தான் ஒரு திண்ணை உயரமாக இருக்கும், அடுத்தது தாழ்வாக இருக்கும். ஒன்று சிவப்புச் சிமெண்ட், அடுத்தது கடப்பைக் கல். ஒரு வீட்டுத் தாத்தா கண்டுகொள்ள மாட்டார், அடுத்த வீட்டுப் பாட்டி "சேத்துக் காலோட ஏறாதேடா" என்று விரட்டுவார். நடுவில் ஒருவர் தன் திண்ணைக்குக் கம்பிக் கேட் போட்டுப் பூட்டிவிட்டால் தெருவில் இறங்கி நனைய வேண்டியதுதான், அவரிடம் போய்ச் சண்டை போட முடியாது. அது அவர் வீட்டுத் திண்ணை.

இப்போது திண்ணை இருக்கும் இடத்தில் ஐம்பது, அறுபது மாடி வங்கிக் கட்டடம் ஒன்றின் பேஸ்மென்ட்டை வையுங்கள். அதில் காபிக் கடை, சலவைக் கடை, பல் டாக்டர், ஃபுட் கோர்ட். பக்கத்துக் கட்டடத்துக்கும் அப்படி ஒரு பேஸ்மென்ட். இரண்டுக்கும் நடுவில் ரோடு. அந்த ரோட்டுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன இணைப்பு, முப்பது நாற்பது தப்படி இருக்கும். இப்படி எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கோத்தால் வருவதுதான் பாத். நீங்கள் நடக்கிற நேரத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய கட்டடத்துக்குள்ளேதான் இருக்கிறீர்கள், சுரங்கத்துக்குள் இருப்பது ரோட்டைக் கடக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாத்தில் எரிச்சலூட்டும் எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்துவிடும். திடீரென்று நாலு படி ஏறச் சொல்வது, தரையின் நிறம் மாறுவது, ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டியிருப்பது, செக்யூரிட்டி வந்து போட்டோ எடுக்காதீர்கள் என்பது, எல்லாம் திண்ணைக் கதைதான்.

## முப்பது கிலோமீட்டர் என்றால் என்ன கணக்கு

பாத்தின் நீளம் 30 கிலோமீட்டருக்கு மேல் என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கும். உடனே நம் மனதில் ஒரு நீளமான குழாய் வந்துவிடுகிறது, ஏதோ இங்கே நுழைந்து பக்கத்து நகரமான மிசிசாகாவில் வெளியே வரலாம் என்பதுபோல. அப்படி இல்லை. தெற்கே ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வடக்கே டன்டாஸ் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான் அதன் எல்லை. காக்கை பறக்கிற தூரத்தில் ஏறக்குறைய இரண்டே கிலோமீட்டர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லாப் பிராகாரத்தையும் சுற்றினால் நடை நீண்டுகொண்டே போகும், ஆனால் கோயில் இருப்பது ஒரே இடத்தில்தானே? அந்தக் கணக்குதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தாழ்வாரங்களையெல்லாம் கூட்டிச் சொன்ன எண் அது.

அந்தச் சின்ன இடத்துக்குள் சுமார் 1,200 கடைகள், கடைப்பரப்பு மட்டும் 3,71,600 சதுர மீட்டர். நிலத்தடிக் கடைவளாகங்களில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்ததும் இதற்காகத்தான். வேலை நாளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் நடக்கிறார்கள். யூனியன், கிங், குயின், செயின்ட் ஆண்ட்ரூ, ஆஸ்குட் போன்ற சப்வே நிலையங்கள் இதில் வந்து சேர்கின்றன, பல ஹோட்டல்களும் நகராட்சி அலுவலகமும் ஈட்டன் சென்டரும் சேர்கின்றன.

இன்னொரு வேடிக்கை, பாத் முழுவதும் நிலத்துக்கடியிலும் இல்லை. யூனியனுக்குத் தெற்கே ரயில் தண்டவாளங்களைத் தாண்டி ஏரிப் பக்கம் போகிற பகுதியில், கண்ணாடி போட்டு மூடிய பாலங்களில் ரோட்டுக்கு மேலே நடப்பீர்கள். அதையும் பாத் என்றுதான் சொல்கிறார்கள். பெயரில் சுரங்கம் எதுவும் இல்லையே, வழி என்றுதானே இருக்கிறது. அந்த நாலு எழுத்துக்கு விரிவு எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதன் சுருக்கம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எதையும் நம்பாதீர்கள்.

இதுவரை சொன்னதைக் கையடக்கமாகச் சொன்னால்: பாத் ஒரு நீண்ட சுரங்கம் இல்லை, எழுபத்தைந்து சொச்சம் பேஸ்மென்ட்களின் கோவை. தூரம் அதிகம், பரப்பு சின்னது.

## யார்தான் ஆரம்பித்தது

1900ஆம் ஆண்டு. ஈட்டன் என்ற பெரிய பல்பொருள் அங்காடி யங் தெருவில் இருந்தது. மலிவு விலைச் சரக்கு விற்க அவர்களுக்கு இன்னொரு கட்டடமும் இருந்தது. இங்கே பார்த்துவிட்டு அங்கே போகிற வாடிக்கையாளர் நடுவில் ரோட்டில் இறங்கினால் அப்படியே வேறு கடைக்குப் போய்விட வாய்ப்புண்டு அல்லவா? இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சுரங்கம் தோண்டினார்கள். முதலாளியின் புத்தி எப்படி வேலை செய்யும் என்று நம்ம தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1917க்குள் டவுன்டவுனில் இப்படி ஐந்து சுரங்கங்கள் வந்துவிட்டன. 1920களின் கடைசியில் யூனியன் ரயில் நிலையத்துக்கும் எதிரில் இருக்கும் ராயல் யார்க் ஹோட்டலுக்கும் நடுவே ஒன்று வந்தது, ரயிலிலிருந்து இறங்கிய பயணி பெட்டியோடு நேராக ஹோட்டலுக்குள் போகலாம். 1954இல் யங் தெருவுக்கடியில் சப்வே ரயில் ஓட ஆரம்பித்தது.

இவையெல்லாம் தனித்தனித் துண்டுகள். இவற்றை ஒரு வலையாக யோசிக்க ஆரம்பித்தது 1960களில். அப்போது டவுன்டவுனில் வரிசையாக உயரமான அலுவலகக் கட்டடங்கள் எழும்பப்போகின்றன, மாலை ஐந்து மணிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், ஆனால் நடைபாதையோ பழைய காலத்துக் குறுகல் நடைபாதை. கீழ்த்தளத்தில் இருந்த சின்னக் கடைகளையும் புதுக் கட்டடங்கள் விழுங்கிவிடும். நகரத்தின் திட்டமிடல் தலைவராக இருந்த மேத்யூ லாசன், கட்டடம் கட்டுகிறவர்களிடம் பேசி, பேஸ்மென்ட்டில் கடை வையுங்கள், பிற்பாடு அவற்றையெல்லாம் இணைத்துக்கொள்ளலாம் என்று சம்மதிக்க வைத்தார். நகராட்சி செலவில் ஒரு பங்கு தருவதாகவும் சொன்னது.

1967இல் திறந்த டொராண்டோ டொமினியன் சென்டர் இதில் முன்னோடி. கறுப்பு இரும்பும் வெண்கல நிறச் சாயக் கண்ணாடியுமாக நிற்கும் அந்தக் கோபுரங்களை வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ. கண்டிப்பான ஆள். கீழே உள்ள கடைகளின் பெயர்ப்பலகைகூட எல்லாம் ஒரே மாதிரி, கறுப்பில் வெள்ளை எழுத்து. பளபளவென்று போர்டு வைக்கப் பழகிய எந்தக் கடைக்காரருக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். அதன்பின் கிங், பே தெருக்கள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி ஒவ்வொரு வங்கியும் ஒரு கோபுரம் எழுப்ப, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கடைத்தளம் வந்தது.

## குளிருக்காகத்தானே?

இதுதான் எல்லோரும் விடாப்பிடியாக நம்புவது. ஜனவரியில் மைனஸ் இருபதில் இங்கே நடந்தவனிடம் போய் இது குளிருக்காகக் கட்டியதில்லை என்று சொன்னால் அடிக்க வருவான். நியாயம்தான். குளிர் இல்லாவிட்டால் இவ்வளவு கூட்டம் கீழே இறங்கியிருக்காது. ஆனால் மக்கள் ஏன் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒன்று, முதலாளி ஏன் காசு போட்டுக் கட்டினார் என்பது வேறு.

சந்தேகமாக இருந்தால் அமெரிக்காவின் ஹூஸ்டனைப் பாருங்கள். அங்கே பனிக்காலம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை, சென்னையைப் போலப் புழுக்கம். அங்கேயும் டவுன்டவுனுக்கு அடியில் சுமார் இருபது அடி ஆழத்தில் பத்து கிலோமீட்டர் அளவுக்கு இதே மாதிரி வலை இருக்கிறது, 95 பிளாக்குகளை இணைக்கிறது. 1930களில் ஒரு தியேட்டர் முதலாளி தன்னுடைய தியேட்டர்களை இணைத்ததெல்லாம் அதன் ஆரம்ப நாள் கதை. அங்கே கேட்டால் வெயிலுக்காகக் கட்டியது என்பார்கள். குளிர் நகரங்களிலும் எல்லோரும் கீழே போகவில்லை. டொராண்டோவைவிடக் குளிரான கால்கரியில், தரையிலிருந்து பதினைந்தடி உயரத்தில் கண்ணாடிப் பாலங்களால் கட்டடங்களை இணைத்திருக்கிறார்கள், பெயரே பிளஸ் ஃபிஃப்டீன்.

ஆக வெயிலும் குளிரும் ஆளைக் கீழே இழுக்கிற சாக்கு. கட்ட வைப்பது வாடகை. யோசித்துப் பாருங்கள், ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட் என்றால் சாதாரணமாக என்ன இருக்கும்? பழைய ஃபைல், தண்ணீர் பம்ப், உடைந்த நாற்காலி. அதே பேஸ்மென்ட் வழியாகத் தினமும் பல்லாயிரம் பேர், அதுவும் மாதச் சம்பளக்காரர்கள், காலையும் மாலையும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடந்து போகிறார்கள் என்றால் அது டவுன்டவுனின் விலை உயர்ந்த கடைத்தெரு. பக்கத்துக் கட்டடத்தோடு இணைத்தால் அந்தக் கட்டடத்து ஆட்களும் உங்கள் பக்கம் வருவார்கள். சப்வே நிலையத்தோடு இணைத்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்து அலுவலகக்காரர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்ததும், பாத் வெறிச்சோடிப் போனது. தெருவிலிருக்கும் கடைக்குப் பக்கத்துத் தெரு ஆளாவது வருவார். இங்கே மேலே ஆள் இல்லையென்றால் கீழே வியாபாரம் இல்லை. பல கடைகள் அப்போது இழுத்து மூடப்பட்டன, தினமும் தோசை வாங்கிச் சாப்பிட்ட கவுன்டர் ஒன்று பிறகு திறக்கவே இல்லை. அந்தக் கடைக்கார அம்மா எங்கே போனாரோ.

சுருக்கமாக: நெரிசல் யோசனையைக் கொடுத்தது, வாடகை காசைப் போட வைத்தது, குளிர் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

## ரோட்டுக்குக் கீழே துளை போடுவது எப்படி

இப்போது கொஞ்சம் கட்டுமானம். பயப்பட வேண்டாம், வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

இரண்டு பேஸ்மென்ட்களை இணைக்க மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். இந்தப் பக்கத்து உரிமையாளர், அந்தப் பக்கத்து உரிமையாளர், நடுவில் நகராட்சி. ஏனென்றால் ரோடு நகராட்சியுடையது, ரோட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணும் அதனுடையது. அந்த இடத்தைப் பயன்படுத்த நகராட்சியோடு ஒப்பந்தம் போட வேண்டும். அப்புறம் உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நம் ஊர்ப் பத்திரங்களில் "நடைபாதை பாத்தியம்" என்று ஒரு வாசகம் வரும், பார்த்திருப்பீர்கள். நிலம் என்னுடையது, ஆனால் அதன் வழியாக நடக்கும் உரிமையை உனக்குத் தருகிறேன் என்று பொருள். இங்கே உரிமையாளர்களுக்கு நடுவே நடப்பது அடிப்படையில் அதுதான். யார் பெருக்குவது, விளக்கு எரிந்தால் யார் கரண்ட் பில் கட்டுவது, கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, எத்தனை மணி வரை கதவு திறந்திருக்கும், இதெல்லாம் பேசி முடிக்க வேண்டும். தோண்டுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம் என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, இரண்டு கட்டடமும் ஒரே வருடத்தில் எழும்புவதில்லையே? இன்று நான் கட்டுகிறேன், எதிரில் காலி மனை, அங்கே இருபது வருடம் கழித்துத்தான் கட்டடம் வரும். அப்போது என்ன செய்வது? நம் ஊரில் ஒரு மாடி மட்டும் கட்டக் காசிருப்பவர், மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டிவிட்டு வைப்பாரே, பிற்பாடு மகன் சம்பாதித்து மேலே எழுப்புவான் என்று, அதே நம்பிக்கைதான் இங்கேயும். பேஸ்மென்ட்டின் வெளிச்சுவரில் ஒரு வாசல் அகலத்துக்கு ஓரிடத்தை ஒதுக்கி, மேலே பாரம் தாங்க உத்தரம் போட்டுவிட்டு, நடுவை மட்டும் எளிதில் உடைக்கும்படி கட்டி மூடிவிடுவார்கள். இதைத் தட்டுச்சுவர் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் கட்டடம் வந்ததும் தட்டுச்சுவரைத் தட்டினால் வழி தயார், மேலே இருக்கும் அறுபது மாடிக்கும் ஒரு கீறல் விழாது. பாத்தில் நடக்கும்போது தாழ்வாரம் ஒன்று காரணமே இல்லாமல் ஒரு வெறும் சுவரில் போய் முட்டி நிற்பதைப் பார்த்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் எதிர்காலத்தில் வருவதற்காகக் காத்திருக்கலாம்.

ரோட்டின் அடிப்பகுதியைத் தோண்டுவதற்குப் பொதுவான முறை வெட்டி மூடுவது. ரோட்டை மேலிருந்து வெட்டிப் பள்ளம் எடுத்து, கான்கிரீட் பெட்டியைக் கட்டி, மேலே மண்ணைப் போட்டு மறுபடி ரோடு போடுவது. ஒரு பாதியை முடித்துவிட்டு அடுத்த பாதி என்று வண்டிகளைத் திருப்பிவிட்டுச் செய்வார்கள். தொல்லை எங்கே என்றால், நூறு வருடப் பழைய நகரத்தின் ரோட்டுக்கடியில் காலி இடம் கிடையாது. குடிநீர்க் குழாய், சாக்கடை, எரிவாயு, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் பின்னிக் கிடக்கும். சாக்கடை சரிவில்தான் ஓட வேண்டும், அதை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. ஆகவே பாதைதான் வளைந்து கொடுக்கும். நாலு படி இறங்கு, கொஞ்சம் சரிவில் நட, மறுபடி ஆறு படி ஏறு. நீங்கள் மூச்சுவாங்கி ஏறும் அந்தப் படிக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு குழாய், அல்லது இரண்டு பேஸ்மென்ட்களின் தளமட்டம் ஒத்துவராதது. சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளுகிறவர்களுக்கும் இது வெறும் அசௌகரியம் என்று சொல்லிவிட முடியாது. லிஃப்ட் இருக்கும், ஆனால் எங்கே என்று தேட வேண்டும். பழைய இணைப்புகளில் அதுவும் கிடையாது.

எல்லா இணைப்பும் முதலாளிகள் போட்டது என்றும் நினைக்க வேண்டாம். யூனியனிலிருந்து யார்க் தெருவுக்கடியில் வெலிங்டன் தெரு வரை 2015இல் திறந்த பாதை நகராட்சியே முன்னின்று கட்டியது, யூனியனில் இறங்கும் கூட்டம் தாங்க முடியாமல் போனதால். கவர்மென்ட் கட்டியது என்பது "பெரும்பாலும்" தப்பு என்று மேலே சொன்னது இதனால்தான்.

## அப்படியானால் இது யாருடைய இடம்

பாத்தின் ஒவ்வொரு துண்டும் அது எந்தக் கட்டடத்துக்குள் ஓடுகிறதோ அந்தக் கட்டட உரிமையாளருடையது. சுமார் 35 நிறுவனங்கள். நகராட்சியின் வேலை ஒருங்கிணைப்பு, 1987இலிருந்து அதைச் செய்கிறது. பாத் என்ற பெயரும் சின்னமும் நகராட்சியிடம் இருக்கின்றன, தரையும் கதவும் பெரும்பாலும் இல்லை.

இதன் விளைவு நடைமுறையில் என்ன? தெருவில் நீங்கள் நடப்பது உரிமை. இங்கே நடப்பது அனுமதி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றும் தகராறு வராதவரை. செக்யூரிட்டி ஒருவர் வந்து, இங்கே உட்காரக் கூடாது, எழுந்து போங்கள் என்றால் போக வேண்டியதுதான். தனியார் இடத்தில் இருந்து போகச் சொன்ன பிறகும் போகாமல் நிற்பது ஒன்டாரியோவின் அத்துமீறல் சட்டப்படி குற்றம். கோட்டு சூட்டுப் போட்டு காபியோடு நடக்கிற என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீடில்லாமல், குளிருக்கு ஒதுங்கி ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். குளிருக்காகக் கட்டியது என்கிற வாதம் எனக்கு முழுசாகச் செரிக்காமல் போனது அந்தக் காட்சிகளால்தான். யாருக்குக் குளிர் அதிகமோ அவர்களை முதலில் வெளியே அனுப்புகிற இடம் அது.

நேரமும் அப்படித்தான். சப்வே ஓடும் நேரமெல்லாம் பாத் திறந்திருக்கும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நேரம். கடைகளில் பெரும்பாலானவை வேலை நாளில் மாலை ஆறு, ஏழு மணிக்கு மூடிவிடும், சனி ஞாயிறில் திறப்பதே இல்லை. வரைபடத்தில் வழி இருக்கும், நேரில் கண்ணாடிக் கதவு பூட்டியிருக்கும். ஹூஸ்டனிலும் வார இறுதியில் இதே கதைதான்.

## ஏன் எல்லோரும் தொலைந்துபோகிறோம்

வானம் தெரியாது, சூரியன் தெரியாது, கோபுரம் தெரியாது. மேலே தெருக்கள் கட்டம் போட்டதுபோல நேராக ஓடுகின்றன, கீழே தாழ்வாரங்கள் கட்டட அடித்தளத்துக்கும் கடைகளுக்கும் ஏற்றபடி வளைகின்றன. மூன்று தடவை இடது பக்கம் திரும்பினால் திசை போய்விடும்.

இதற்குத்தான் 1980களின் கடைசியில் அந்த வண்ணப் பலகைகளை வடிவமைத்தார்கள். பெயரின் நாலு எழுத்துக்கும் ஒரு நிறம், ஒரு திசை. சிவப்பு பி தெற்கு, ஆரஞ்சு ஏ மேற்கு, நீல டி வடக்கு, மஞ்சள் எச் கிழக்கு. அழகான யோசனை. ஆனால் பத்து வருடம் அங்கே வேலை பார்த்த எனக்கே இதைப் படித்துத்தான் தெரிந்தது, நிமிர்ந்து பார்த்துத் தானாகப் புரிந்துகொண்டவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பலகைகள் கண்ணில் படாததற்கும் திண்ணைக் கதைதான் காரணம். அடுத்த கட்டடத்துக்கு இப்படிப் போங்கள் என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்தால், என் கடைகளைத் தாண்டி ஆட்கள் ஓடிவிடுவார்களே? உரிமையாளர்கள் தங்கள் கட்டடத்தின் சொந்தப் பலகைகளை மீறி பாத் பலகை தெரியக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார்கள். நகராட்சி இறங்கிவந்தது. கிடைத்தது இந்தச் சமரசம்: பலகை இருக்கும், ஆனால் அடக்க ஒடுக்கமாக இருக்கும்.

## மேலே தெருவுக்கு என்ன ஆச்சு

இதற்கு எதிர்ப்பும் சீக்கிரமே வந்தது. நகரம் என்றால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், கடைகள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் என்று எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1968இல் டொராண்டோவுக்கே குடிவந்துவிட்டார். 1970களில் நகரமன்றத்துக்கு வந்த சீர்திருத்தக்காரர்கள் அவருடைய கருத்தில் ஊறியவர்கள். எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டால் மேலே தெரு செத்துவிடாதா என்று கேட்டார்கள், நகராட்சிப் பணம் கொடுப்பது நின்றது. வேடிக்கை என்னவென்றால் பணம் நின்ற பிறகும் வலை வளர்ந்துகொண்டேதான் இருந்தது. அதற்குள் வாடகைக் கணக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டிருந்தது.

கேள்வி நியாயமானதுதான். ஜனவரி மத்தியானத்தில் பே தெருவில் நின்று பார்த்தால் ஊரே காலிபோல இருக்கும், கீழே போனால் தோள் இடிக்கும். ஆனால் வேனிற்காலத்தில் அதே ஆட்கள் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்து புல்லில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். தெருவைக் கொன்றது பாத் மட்டும்தானா, இல்லை கீழ்த்தளம் முழுவதும் வெறும் வரவேற்பறையாக இருக்கும் வங்கிக் கோபுரங்களா என்று கேட்டால், நான் கோபுரங்களைத்தான் கை காட்டுவேன்.

## முதல் தடவை போகிறவர்களுக்கு

கட்டடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடங்கள், தெருவின் பெயர் கீழே உதவாது. தரை மாறினால் உரிமையாளர் மாறிவிட்டார் என்று அர்த்தம், அங்கே ஒரு நொடி நின்று மேலே பலகையைப் பாருங்கள். நாம் பேசும்போது "பாத்துப் போங்க" என்போமே, அதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் குழம்பினால் வரைபடத்தோடு மல்லுக்கட்டாமல் பக்கத்துப் படியில் ஏறித் தெருவைப் பாருங்கள்.

சித்தப்பாவிடமும் போனில் அதைத்தான் சொன்னேன். "எந்தப் படி தெரியுதோ அதுல ஏறுங்க, மேல போய் என்ன இருக்குன்னு சொல்லுங்க." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது, காற்று சீறியது. "ஒரு கறுப்பு பில்டிங் இருக்கும்மா. எதிர்ல நீ போட்டோல காட்டினியே, அந்த பில்டிங்." என் ஆபீசேதான். அவர் முக்கால் மணி நேரமாக அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறார், நடுவில் ஒரே காபிக் கடையை மூன்று தடவை கடந்ததாகவும் மூன்றாவது தடவை அந்தப் பெண் சிரித்ததாகவும் சொன்னார்.

மறுநாள் மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் என் பழைய கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு மேலேயே நடந்து வந்தார். பன்னிரண்டு நிமிடம்.